கலைச்செல்வியின் ஆயிரத்து ஐந்நூறு

கலைச்செல்வியின் போன் 'டிங்' என்று அடித்தால் எனக்கு வயிறு எரியும். மாட்டுங்கா லேபர் கேம்பில் என் ரூமுக்கும் அவள் ரூமுக்கும் நடுவே ஒரு தகரம்தான். அவள் கடுகு தாளிப்பதே காதில் விழும்போது, சர்க்கார் பெண்களுக்கு மாதாமாதம் அனுப்பும் ஆயிரத்து ஐந்நூறு வந்து விழுந்த சத்தம் கேட்காதா?

எனக்கும் வந்துகொண்டிருந்த பணம்தான். வீட்டு வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கிடையாது. என் வீட்டுக்காரர் பூலோகம் அம்பர்நாத்தில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். சம்பளம் மட்டும் என்றால் வரம்புக்குள் அடங்கியிருக்கும். ஓவர்டைமும் சேர்ந்து சம்பள ஸ்லிப்பில் ஏறியது. என் பணம் நின்றுபோனது. கலைச்செல்வியின் புருஷன் பேச்சிராஜா தாராவியில் தோல் பை தைக்கிறவன். சீசனில் அவன் வாங்கும் கூலியைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் எல்லாம் கையில் காசு, ஸ்லிப் கிடையாது. அதனால் அவள் ஏழை, நான் பணக்காரி. இது எந்த ஊர் நியாயம்?

ஒருநாள் குழாயடியில் புதுக் கொலுசோடு வந்து நின்றாள்.

"மதினி, சர்க்கார் கொலுசு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு," என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

ஓவர்டைம் பணத்தை நாங்கள் தொடுவதில்லை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே இவர் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தார். ஜன்னல் உண்டு, உள்ளேயே கக்கூஸ் உண்டு. அதன் டெபாசிட்டுக்குத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம். தினமும் டிரெயினில் தொங்கிக்கொண்டு போய்வரும் மனுஷனுக்கு அது ஒன்றுதான் ஆசை. எனக்கோ கொலுசுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"ஏங்க, இந்த ஓவர்டைம் எழவ விட்டுருங்க. எனக்கும் அந்தப் பணம் வரணும்."

"ஏட்டி, ஓவர்டைம்ல மூவாயிரம் வருது. விட்டா ஆயிரத்தைநூறு. கணக்கு தெரியாதா ஒனக்கு?"

"அது ஒங்க ஒடம்பு தேய வாறது. இது சும்மா வாறது. அவளுக்கு மட்டும் வரணுமாக்கும்?"

"எதிராளிக்குச் சகுனம் கெடணும்னு தன் மூக்க அறுத்த கததான்."

"என் மூக்கு. நான் அறுத்துக்கிடுதேன்."

பேச்சை நிறுத்தினேன். சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன். கடைசியில் மனுஷன் சூப்பர்வைசரிடம் போய் ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். "அந்த நேரத்துக்கு வேறு ஆளைக் கொண்டுவா," என்றாராம் சூப்பர்வைசர். பை வேலை மந்தமாகக் கிடந்த நேரம், இவர் பேச்சிராஜாவையே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபமில்லை. நாங்கள் வேண்டாமென்று தள்ளியதை அவள் புருஷன் பொறுக்குகிறான் என்று உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்த வருஷம் வருமானத்தைச் சரிபார்த்து என் பேரை மறுபடி ஏற்றினார்கள். முதல் பணம் வரும் நாளில் சத்தத்தை முழுசாக வைத்து, போனைத் தகரத்தோடு ஒட்டிவைத்தேன். டிங்! அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும்.

இந்த வருஷம் சரிபார்ப்பு முடிந்த பிறகு அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். ஒரு மாதம் இல்லை, மறு மாதமும் இல்லை. நின்றுவிட்டது! ஆடி மாத மழையில் கூரை ஒழுகியதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி பேடா டப்பாவோடு வந்தாள். இவர் அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாயத் தெறங்க மதினி. எனக்கு சர்க்கார் பணம் நின்னுபோச்சு."

"அதுக்கா பேடா?"

"அவுகள கம்பெனில பர்மனென்ட் ஆக்கிட்டாவ. இப்பம் ஓவர்டைமும் சேத்து ஸ்லிப் வருது, பி.எஃப். பிடிக்காவ. ஒங்க வீட்டுக்கு மாசம் பொறந்தா ஸ்லிப் வாறதப் பாத்து எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமா? நம்ம பொழப்பும் இப்படி ஆகாதான்னு இருக்கும்."

என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை! எதைப் பார்த்துப் பட்டாளோ அது இப்போது அவள் கையில் இருந்தது.

"அம்பர்நாத்துக்கே போறோம் மதினி. ஓவர்டைம் பணத்த அப்படியே டெபாசிட்டாக் கட்டியாச்சு. அண்ணன் பாத்து வச்சிருந்த அதே ரூம்தான். நீங்கதான் வேண்டாம்னுட்டீயளாமே?"

அந்த நேரம் பார்த்து அலமாரி மேல் இருந்த என் போன் 'டிங்' என்றது.

"வந்துட்டு மதினி, ஒங்க பணம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

கழற்றிய செருப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டு இவர் நிமிர்ந்தார்.

"அந்த ஜன்னல்ல காத்து நல்லா வரும்மா," என்றார் அவளிடம். என்னைப் பார்க்கவில்லை.