உள்பட பலர்

எங்கள் மன்றத்தின் பெயர் 'கெடிலக்கரைக் கலைஞர் பாராட்டு மன்றம்'. கடலூர்ப் பக்கத்துக் கலைஞர்களைத் தேடிப்பிடித்து, மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, பட்டம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது அதன் வேலை. பத்து வருடமாகச் செயலாளர் நான்தான். பெயர் தமிழ்மணி. பிழைப்புக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் தொகுப்புரை. என் குரலைக் கேட்டு நானே மயங்கிப் போயிருக்கிறேன். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

2012-ஆம் வருடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த கலைஞர், பண்ருட்டிப் பக்கத்துக் கோவிந்தசாமி. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். ராஜா வருகிறார் என்று சபைக்கு முன்னால் வந்து அறிவித்துவிட்டு, அந்த ராஜாவையே கிண்டலும் செய்கிற வேஷம் அது. முப்பது வருடமாக அவர் வாய்க்குத் தப்பிய ராஜா ஒருவனும் இல்லை. பகலில் பலாப்பழ மண்டியில் லாரிக்கு லோடு ஏற்றுவார்.

பட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறார் என்று சொல்லி அனுப்பியதும் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பட்டம் என்னவென்று கூடக் கேட்கவில்லை.

"சார், சால்வை போத்துங்க, போத்தாம போங்க. எனக்குப் பத்து நிமிஷம் மட்டும் குடுங்க. எங்க சம்பந்தி வர்றாரு. அவரு முன்னாடி நான் பேசி ஆடணும்" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மகள் இளவரசி தன்னோடு படித்த பையனைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போய் மூன்று வருடமாகிறது. மாமனார் தில்லைநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மோசமான மனிதர் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று தன் சொந்தக்காரர்களிடம் பெண்ணின் அப்பாவுக்குப் பழ மண்டி வியாபாரம் என்று சொல்லிவிட்டார். கூத்துப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று தன்மையாகவும் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கோவிந்தசாமி சிதம்பரம் போகும்போதெல்லாம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மண்டி வியாபாரியாகப் போவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபி குடித்து, பத்து வார்த்தை கூடப் பேசாமல் பஸ் ஏறிவிடுவார்.

"வாயால பொழைக்கிறவன் சார் நானு. அங்க போனா வாயக் கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். எம் பொண்ணு மூஞ்சிய என்னால பாக்க முடியல."

வக்கீல்களும் டாக்டர்களும் சேர்ந்து செய்கிற விழா என்று இளவரசி சொன்னதால் மாமனார் முதல் தடவையாக வரச் சம்மதித்திருக்கிறாராம். நான் உருகிப் போனேன். பத்து நிமிடம் நிச்சயம் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். பேப்பரிலும் பெயர் வரும், செய்தியை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்காத வரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பிறகு அழைப்பிதழ் அடிக்க உட்கார்ந்தோம்.

எங்கள் ஊரில் அழைப்பிதழில் பெயர் இல்லாத விழாவுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆகவே வர வேண்டியவர்கள் எல்லோருடைய பெயரையும் போட்டுவிடுவோம். தலைமை ஒருவர், முன்னிலை ஒன்பது பேர், வாழ்த்துரை பதினாலு பேர், இன்னும் தொடக்கவுரை, நோக்கவுரை, நெறியாள்கை, ஒருங்கிணைப்பு என்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அச்சகத்துக்காரர் இன்னும் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றார். போட வேண்டியதில் மிச்சம் இருந்தது இரண்டு வரி. ஒன்று, 'கோவிந்தசாமியின் கூத்து – பத்து நிமிடம்'. இன்னொன்று, முன்னிலையில் விட்டுப்போன அரிசி ஆலை முதலாளியின் பெயர்.

மன்றத் தலைவர் வக்கீல் நடனசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "கலைஞன் கோவிச்சிக்க மாட்டான் தமிழ்மணி. இவரு கோவிச்சிப்பாரு."

கூத்து வரியை அடித்தது என் பேனாதான். அழைப்பிதழில் இல்லாவிட்டால் என்ன, மேடையில் நேரம் ஒதுக்கிவிடலாம் என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நாற்பத்தொரு பேருக்குக் கீழே, பட்டம் பெறுபவர் என்று கோவிந்தசாமியின் பெயர் மட்டும் பொடி எழுத்தில் நின்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வருடம் கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் போகும். செம்மண்டலத்தில் நாங்கள் பிடித்திருந்த கல்யாண மண்டபத்துக்கு ஆறு முதல் ஏழு வரை கிடையாது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதா, வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பதா என்று செயற்குழுவில் விவாதம் வந்தது. ஃப்ளெக்ஸ் ஏகமனதாக ஜெயித்தது. அதில் எங்கள் எல்லோருடைய படமும் இருந்தது. மூலையில் கோவிந்தசாமியும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி விழா நாலே முக்காலுக்குத் தொடங்கியது. மேடையில் நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பத்தொரு பேர். பேச வேண்டியவர்கள் எல்லாம் மேலே ஏறிவிட்டதால் கீழே கேட்பதற்கு அவர்களுடைய மனைவிமார்களும் டிரைவர்களும்தான் இருந்தார்கள். அவர்களோடு கோவிந்தசாமியின் ஜமா, அதாவது கூத்துக் குழு ஆட்கள் பத்துப் பேர். முதல் வரிசையில் இளவரசி, பக்கத்தில் மடித்த குடையோடு தில்லைநாதன். கோவிந்தசாமிக்கு மேடையில் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். அதே வெள்ளைச் சட்டை.

வாழ்த்த வந்தவர்கள் வாழ்த்தினார்கள். ஒவ்வொருவரும் மேடையில் இருப்பவர்களை ஒருவர் விடாமல் 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிக்கவே மூன்று நிமிடம் ஆனது. அதற்கு மேல் பேச அவர்களிடமும் விஷயம் இல்லை. நடுநடுவே பொன்னாடை. தலைவர் விருந்தினருக்குப் போர்த்த, விருந்தினர் தலைவருக்குப் போர்த்த, இருவரும் சேர்ந்து அரிசி ஆலைக்குப் போர்த்த, போட்டோக்காரர் இன்னொரு தடவை என்று கேட்க, மறுபடியும் போர்த்தினார்கள். நான் ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு அடைமொழி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ருசி கண்டுவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

ஐந்தரைக்கு நடனசபாபதி தலைமையுரைக்கு எழுந்தார். மண்ணின் கலைஞர்களுக்கு நாம் இடம் தரவில்லை, அவர்களை மேடையேற்றி வாய் திறக்க விட்டோமா என்று கண் கலங்கக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். 'கூத்துக்குப் பத்து நிமிடம்' என்று துண்டுச் சீட்டு எழுதி நீட்டினேன். பாராட்டுச் சீட்டு என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது சீட்டும் அதே பைக்குள் போனது.

ஆறாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தில்லைநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து மருமகளிடம் ஏதோ சொன்னார். இளவரசி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த பட்டியலைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சரியாக ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடத்தில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான். தலைவரின் உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. மைக் இல்லாத அவர் குரல் இரண்டாவது வரிசைக்கு எட்டவில்லை. டிரைவர்கள் எழுந்தார்கள். தில்லைநாதனும் குடையை ஊன்றி எழுந்தார்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொல்லைமேட்டில் ஆயிரம் பேருக்கு மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல். மண்டபத்துக் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

"சபையோரே, உக்காருங்க. ராஜா பொறப்பட்டாரு. வழியில நாப்பத்தொரு பேரு சால்வை போத்துறாங்க. அதான் லேட்டு."

கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோவிந்தசாமி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேஜை மேல் அவருக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எடுத்து உதறினார். ஒரு முனையை நடனசபாபதி கையிலும் மறு முனையைச் சிறப்பு விருந்தினர் கையிலும் கொடுத்து, விரித்துப் பிடிக்கச் சொன்னார். கூத்தில் ராஜா வருவதற்கு முன் இரண்டு பேர் இப்படித்தான் திரை பிடிப்பார்கள். அதன் பின்னாலிருந்துதான் ராஜா வருவார். ராஜா வருகிறவரை திரையைக் கீழே விட்டால் அவமானம். இந்த மாவட்டத்தில் பிறந்த ஒருவனும் விட மாட்டான். வக்கீலும் விடவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் தோள் நிறையச் சால்வையோடு திரை பிடித்து நின்றார்கள். டிரைவர்கள் செல்போன் டார்ச்சை அடித்தார்கள். ஜமா ஆட்கள் காலி நாற்காலிகளைக் கவிழ்த்துத் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

"எங்க ராஜாவுக்கு முன்னிலை பத்துப் பேரு. பின்னிலை நான் ஒருத்தன். வாழ்த்துறவங்க பதினாலு பேரு. யார வாழ்த்துறாங்கன்னு கேட்டா அவுங்களுக்கே தெரியல. ராஜா ஏன் இன்னும் வரல? கரண்டு வந்தாத்தான் அவருக்கு வாய் வரும்."

மனைவிமார்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வருடக்கணக்காக எங்கள் விழாவில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது. கோவிந்தசாமி ஒரு சுற்றுச் சுழன்று, மேடை விளிம்பில் தில்லைநாதனுக்கு நேராக வந்து நின்றார்.

"நான் யாருன்னு கேக்குறீங்களா? சிதம்பரத்துல நான் மண்டி வியாபாரி. வாய் பேசத் தெரியாது. அய்யோ பாவம் ஊமைன்னு எங்க சம்பந்தி ரெண்டு ஸ்பூன் சக்கரை ஜாஸ்தியா போடச் சொல்லுவாரு."

தாளம் நின்றது. இளவரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே நின்ற தில்லைநாதன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு அவர் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சிரிக்காதே என்று அதட்டிய மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத டிரைவரின் தொடையைத் தட்டி, மேடையைக் காட்டி, எங்க சம்பந்தி, எங்க சம்பந்தி என்றார்.

கேட்டது பத்து நிமிடம். ஆடியது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு விளக்கு எரிந்தபோது நடனசபாபதி இன்னும் திரை பிடித்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். கோவிந்தசாமிக்குப் பட்டமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. நான் பழக்கதோஷத்தில் மைக்கைப் பிடித்து நாற்பத்தொரு பேருக்கும் நன்றி சொன்னேன். கோவிந்தசாமி பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது வீட்டுக்குப் போய் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் செய்தி வந்தது. விழாச் செய்தியை விழாவுக்கு முன்பே எழுதி நிருபரிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஞாயிறு காலையிலேயே கொடுத்திருந்தேன். கோவிந்தசாமி பெயரைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். இடம் போதாமல் அடியில் வெட்டியிருந்தார்கள். நடனசபாபதி தொடங்கி என்னோடு சேர்த்து இருபத்தேழு பெயர்கள், அதன் பிறகு 'உள்பட பலர் கலந்துகொண்டனர்'. அவ்வளவுதான்.

தீபாவளி கழிந்த ஞாயிறு, அழுக்கான அந்தப் பொன்னாடையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கோவிந்தசாமி பத்து நாளாகச் சம்பந்தி வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கீழ வீதிக்குப் பின்னால் வீடு. கூடத்தில் அவர் லுங்கியும் பனியனுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து ஆட்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது. இளவரசி எனக்குக் காபி கொண்டுவந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடியே வந்ததில் டபராவில் கொஞ்சம் சிந்திவிட்டது.

தில்லைநாதன் என்னை எழுப்பிச் சுவர் பக்கம் கூட்டிப்போனார். அந்தப் பேப்பர்ச் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. இருபத்தேழு பெயர்களையும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்திருந்தார். என் பெயரும் அடிபட்டிருந்தது. 'பலர்' என்பதையும் அடித்து, மேலே தலைமையாசிரியரின் உருண்டை எழுத்தில், 'என் சம்பந்தி கட்டியக்காரன் கோவிந்தசாமி' என்று எழுதியிருந்தார். ஓரத்தில், 'திருத்தி எழுதி வரவும்'.

"இத எழுதுன ஆளு யாரு சார்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

யாரோ நிருபர் சார் என்றேன்.

கூடத்தில் கதை நின்றது. எழுதித் தருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னது நான்தான் என்பது கோவிந்தசாமிக்குத் தெரியும். எந்த ராஜாவையும் விடாத அந்த வாய் இப்போது திறக்கும் என்று, சுவரைப் பார்த்தபடி நின்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.