கவரைக் கழற்றியவர்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். துணி வேகமாகப் போகட்டும் என்று பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கவரைக் கழற்றிப் போட்டார் சூப்பர்வைசர். நாத்தனாரின் கை வெந்தது. "அவசரக்குடுக்கை, அவ தப்பு" என்று பழியையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார். நாளை விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். பழி நிலைத்துவிட்டால் அவள் வேலை போய்விடும். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கப் போவதும் அதே சூப்பர்வைசர்தான்.

"நானே பேசுறேன். இங்கிலீஷ் கத்துக்குடு," என்றாள் அண்ணி.

"அண்ணி, போன தடவ நீங்க இங்கிலீஷ்ல சோப்பு கேட்டு, கடைக்காரரோட சண்டையில முடிஞ்சுது."

"இப்பவும் சண்டைக்குத்தானே போறேன்?"

நாத்தனார் பள்ளியில் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவள். கட்டுப்போடாத கையால் கொடியில் ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு பாவாடை என்று வரிசையாகப் போட்டாள்.

"சட்டை, செஞ்ச ஆளு. துண்டு, செஞ்ச வேலை. பாவாடை, எதைச் செஞ்சாங்களோ அது."

"வேலை கடைசியிலதானே வரணும்? நடுவுல அதுக்கு என்ன வேலை?"

"நம்ம பேச்சுல கவரைன்னு சொன்னாப் போதும். அந்த 'ஐ' ஒட்டிக்கிட்டே இருக்கும், எங்க தூக்கிப் போட்டாலும் புரியும். அங்க ஒட்டு கெடையாது அண்ணி, எடம்தான் எல்லாம். மாத்திப் போட்டா, கவர் சூப்பர்வைசரைக் கழட்டிடும்!"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் சூப்பர்வைசர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி நேரே போய் நின்றாள்.

"என்னம்மா? எங்கிட்டச் சொல்லு, நான் எடுத்துச் சொல்றேன்."

"நீங்க சொன்ன வரைக்கும் போதும் சார்."

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சூப்பர்வைசர்," என்றாள். முதலில் ஆள். "ரிமூவ்." பிறகு வேலை. "கவர்."

சூப்பர்வைசர் சிரித்தார். "இதுக்குப் பேரு இங்கிலீஷா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மளமளவென்று ஏதோ கேட்டார். அண்ணிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மொழிபெயர்க்க வாயெடுத்த சூப்பர்வைசருக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஸ்லோ, சார். ஸ்லோ," என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் விட்டு விட்டுக் கேட்டார். "வேர்... இஸ்... த... கவர்?"

கழற்றிய கவர் கிடந்த கிடங்கைப் பார்த்து அண்ணி நடந்தாள். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே போனார்.

"ஏம்மா, அது பூட்டியிருக்கு! சாவி எங்கிட்ட இருக்கு!" என்று தமிழில் கத்தினார் சூப்பர்வைசர்.

"கொண்டாங்க," என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமலேயே.