ராகுவுக்குக் கழித்த ஒரு மணித்தியாலம்

புஸ்பராணியின் வீட்டில் இரண்டு நேரம் ஓடியது. கையிலே கட்டியிருந்த மணிக்கூட்டில் ஒன்று, சுவரில் தொங்கிய மணிக்கூட்டில் இன்னொன்று. அந்த வருடம் வைகாசி மாதத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. பள்ளிக்கூடமும் கந்தோரும் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகும் புதிய நேரத்துக்கு மாறிவிட்டன. புஸ்பராணி மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிப்பவள். கை மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கணவர் குணரத்தினம் சுவர் மணிக்கூட்டைத் தொட விடவில்லை.

"சூரியனுக்கு ஆர் போய் சேர்க்குலர் குடுத்தது?" என்று கேட்டார். "அது என்ர நேரத்துக்குத்தான் எழும்புது."

திருகோணமலைப் பாலையூற்றில் அநேகமான வீடுகளில் இதே கதைதான். யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் "பழசோ, புதுசோ?" என்று கேட்காமல் எவரும் வாங்கிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கும் ராகுகாலத்துக்கும் பழையது. பஸ்ஸுக்கும் ஊரடங்குக்கும் புதியது. குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கும் தெற்கே இயக்கப் பொடியளின் கையிலிருந்த ஊர்களில், ஒரே நேரம்தான், பழையது. அங்கே யாரும் மணிக்கூட்டைத் தள்ளவில்லை.

அவளுடைய ஒரே மகள் யோகமலர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தாள். கிளிவெட்டிக்கும் உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். இப்போது ஒன்பது மாதம். பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அங்குள்ள மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். அந்தச் செய்தி புஸ்பராணிக்குக் கிடைத்த அதே செவ்வாய்க்கிழமை, இறங்குதுறையில் ஒரு அறிவித்தலும் ஒட்டப்பட்டது. சனிக்கிழமையிலிருந்து மூதூர் லோஞ்ச் ஓடாது. மறு அறிவித்தல் வரும்வரை இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி லோஞ்ச் மூதூரிலிருந்து மூன்றரைக்கு வெளிக்கிடும்.

ஊரார் நானா என்று கூப்பிடும் ஸைனுலாப்தீன் மூதூர்க்காரர். அந்த ஊர்களில் நெல் வாங்கி விற்பவர். இரண்டு பக்கத்துக்கும் போய்வர அனுமதி உள்ள ஆள். புதன்கிழமை மூதூருக்குத் திரும்பிப் போகுமுன் புஸ்பராணியின் படலையில் வந்து நின்றார்.

"நாளைக்கு விடிய அந்தப் பக்கம் போறன், ரீச்சர். மகளுக்கு என்ன சொல்ல?"

"வெள்ளிக்கிழமை லோஞ்சுக்கு வந்து சேரச் சொல்லுங்கோ, நானா. கொஞ்சம் பொறுங்கோ, எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும் எண்டு பார்த்துச் சொல்லுறன்."

"மூணாம் வகுப்புக் கணக்கா?" என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். உண்மையிலேயே அது மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான். டீசல் இல்லாததால் உழவு மெசின் ஓடாது, மாட்டு வண்டி. பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வரவேண்டும். ஆற்றுத் துறை கடக்க வேண்டும், ஆமியின் சோதனைச் சென்றியில் இறங்கிச் சாமான்களை அவிழ்த்துக் காட்ட வேண்டும். எல்லாமாக நாலு மணித்தியாலம். அவள் விரல்களை மடக்கினாள். பதினொன்றும் நாலும் பதினைந்து, பன்னிரண்டைக் கழித்தால் மூன்று. வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்தப் பன்னிரண்டில்தான். பதினைந்து மணி என்று எழுதி வைப்பார்கள். அவள் தடுக்கி விழவில்லை. மூன்று மணிக்கு மூதூர் இறங்குதுறையில் நின்றால் லோஞ்சுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். போதும்.

சொல்ல வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் கிழமை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு வருகிறவளை ராகுகாலத்தில் படி இறங்கச் சொல்லலாமா? இரண்டு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் விளங்கியது. ராகுகாலம் பழைய நேரத்துக்கு. புதிய பதினொன்று என்பது பழைய பத்து. ராகு தொடங்க அரை மணித்தியாலம் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தை ஞாபகமாகக் கழித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன், ஒன்றையும் விடவில்லை என்கிற சந்தோசம்.

"பதினொண்டுக்கு வெளிக்கிடச் சொல்லுங்கோ. ஒரு நிமிசமும் பிந்தப்படாது."

"லோஞ்ச் மூண்டரைக்கு எண்டும் சொல்லட்டா?"

"வேண்டாம் நானா. இந்த நிலையிலை அவள் கிடந்து கணக்குப் பார்த்து மண்டையைக் குழப்பத் தேவையில்லை. அதையெல்லாம் நான் பார்த்திட்டன். பதினொண்டு. அது போதும்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கை மணிக்கூடு பதினொன்றைக் காட்டியபோது அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். இப்போது வண்டியில் ஏறியிருப்பாள். மருமகன் ஆனந்தராசா வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் விரித்திருப்பான். சம்பந்தி நல்லம்மா கூட வருவாள், வாய் ஓயாமல். பள்ளிக்கூடம் விட்டபோது வண்டி துறையைக் கடந்திருந்தது. வெயில் சாய்ந்தபோது சென்றியில் நின்றது. மகளை ஒரு நிமிசமும் தனியே விடாமல் புஸ்பராணியும் மனதால் அந்த வண்டியோடு கூடவே போனாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கே இறங்குதுறைக்கு வந்து கம்பிவேலிக்கு வெளியே காத்திருந்தாள். பையில் வெள்ளைத் துணி, சுடுதண்ணீர்ப் போத்தல்; வாசலில் ஆயத்தமாக நிற்கச் சொல்லிய ஓட்டோ. மூன்றரை ஆனபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஏறிவிட்டாள். இனிக் கடல்தான். இனி ஒன்றும் இல்லை.

லோஞ்ச் வந்து அணைந்தபோது நேரம் நாலே முக்கால். ஆட்கள் மூட்டை முடிச்சோடு நெரிபட்டு இறங்கினார்கள். கடைசி நாள் என்பதால் மூதூரில் பாதி ஊரே வந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு பெண்ணின் வயிற்றையும் பார்த்தாள். கடைசியாக ஸைனுலாப்தீன் மனைவி நஜ்முன் நிஸாவையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"எங்கை நானா பிள்ளை?"

"வரல்லையா?" அவர் திரும்பி லோஞ்சைப் பார்த்தார். "கூட்டத்தில நான் காணல்ல எண்டுதான் நினைச்சன். நேத்து நேரில சொன்னனே ரீச்சர். உங்கட சம்பந்தி பொல்லாத மனுசி. பதினொண்டு எண்டதும் சிரிக்கத் தொடங்கிட்டா."

"ஏன் சிரிச்சவ?"

"'வெள்ளிக்கிழமை பதினொண்டுக்கு நடு ராகுகாலம். படிச்ச மனுசி அப்படிச் சொல்லியிருக்காது, நீங்கதான் மாறிக் கேட்டிருப்பீங்க' எண்டா. இல்ல, சத்தியமா ரீச்சர் பதினொண்டு எண்டுதான் சொன்னா எண்டன். 'அப்ப ராகு கழியட்டும், பன்னிரண்டுக்கு வெளிக்கிடுவம். ஒரு மணித்தியாலம்தானே. கடைசி லோஞ்ச் எப்பவும் நாலரைக்குத்தானே' எண்டு..."

"நீங்கள் மூண்டரை எண்டு சொல்லேல்லையோ?"

அவர் பெட்டிகளைக் கீழே வைத்தார். நஜ்முன் நிஸா புருசனின் முகத்தையும் புஸ்பராணியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்கதானே ரீச்சர், வேணாம் எண்டீங்க" என்றார் மெல்ல. பிறகு, "பழசா புதுசா எண்டு வழியில ஒருக்கா நினைச்சன்தான். ரீச்சர் எல்லாம் பாத்துத்தான் சொல்லியிருப்பா எண்டு விட்டுட்டன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். படலையில் நின்ற அந்த இரண்டு மூச்சு நேரம் திரும்பி வந்தது. பதினொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தது, பத்து என்று கண்டது, ஆறுதல்பட்டது. ராகுவுக்கு ஞாபகமாகக் கழித்த ஒரு மணித்தியாலத்தை மகளுக்குக் கழிக்கவில்லை. "பத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் மனதுக்குள் வந்து, வாய்க்கு வராமலே போய்விட்டது. நல்லம்மாவைக் கோபிக்கவும் வழியில்லை. அவள் ராகுகாலம் பார்க்காமல் சொன்னபடி பதினொன்றுக்கே வெளிக்கிட்டிருந்தாலும், வந்து சேர இங்கே நாலு மணி ஆகியிருக்கும்; லோஞ்ச் போயிருக்கும். கரும்பலகைக்கு முன்னால் நின்று தான் வண்டியில் ஏற்றிவிட்ட மகள் அப்போது அங்கே குசினியில் ஏதோ செய்துகொண்டிருந்திருப்பாள். பகல் முழுக்கத் தான் கூடவே போன அந்த வண்டி, மாடு பூட்டாமல் முற்றத்தில் கிடந்திருக்கும்.

"திரும்ப ஒரு லோஞ்ச் போகாதோ? ஒண்டே ஒண்டு?"

ஸைனுலாப்தீன் போய்க் காவலுக்கு நின்ற நேவிக்காரனிடம் சிங்களத்தில் கேட்டார். கையை விரித்துக் கெஞ்சிப் பார்த்தார். அவன் இளம் பொடியன். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கையால் காட்டினான். அதற்குப் பின்னால் லோஞ்சுக்காரன் கயிற்றை இரண்டாம் சுற்றாகச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அல்லாஹ் இருக்கிறான், ரீச்சர். அங்க மருத்துவிச்சி இருக்கிறாதானே. பிள்ளை சிலவேளை திரும்பும்."

இங்கே கொண்டுவரச் சொன்னதே அந்த மருத்துவிச்சிதான் என்பதை அவரிடம் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "ஓம்" என்றாள். "நீங்கள் போங்கோ நானா. அவ களைச்சுப் போனா."

அவர்கள் போனார்கள். ஓட்டோக்காரன் ஒருமுறை ஹோர்ன் அடித்துப் பார்த்தான்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே மனம் கணக்குப் போட்டது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்று. ஒன்றும் நாலும் ஐந்து. இந்த முறை பிழை இல்லை. பன்னிரண்டைத் தாண்டக்கூட வேண்டியிருக்கவில்லை; வகுப்பில் மிகவும் மொக்கான பிள்ளைகூட இதைச் செய்யும். ஐந்துக்கு இன்னும் சில நிமிசம் இருந்தது. அப்படியென்றால் வண்டி இப்போது சென்றிக்குக் கிட்ட வந்திருக்கும். நல்லம்மா தன் மணிக்கூட்டைப் பார்த்து, "நாலாகேல்லை, லோஞ்சுக்கு இன்னும் நேரம் கிடக்கு, பயப்பிடாதை" என்று சொல்லுவாள். யோகமலர் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். அம்மா அந்தக் கரையில் நிற்பாள் என்று ஆனந்தராசாவிடம் சொல்லுவாள்.

அது உண்மைதான். அம்மா இந்தக் கரையில்தான் நின்றாள்.

குடா நீர் ஈயம்போல அசையாமல் கிடந்தது. அந்தக் கரை புகையாய்த் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது. இன்னும் சில நிமிசத்துக்கு அவர்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அந்தச் சில நிமிசத்தையாவது யாரும் அவர்களிடமிருந்து எடுத்துவிடக்கூடாது என்று அவள் நினைத்தாள். அசைந்தால் அது முடிந்துவிடும் என்பதுபோல, கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றாள்.

"அம்மா, டைம் முடிஞ்சது. போங்க" என்றான் நேவிக்காரன், தெரிந்த தமிழில்.

அவள் மணிக்கூட்டை மேலும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு, "கொஞ்சம் பொறு தம்பி" என்றாள். "இப்பத்தான் வந்து சேருகினம்."