சொந்தக் குறிக்கோள் இல்லை

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். விபத்தில் இரண்டு காலும் உடைந்து, இப்போதுதான் ஊன்றுகோலோடு நிற்கப் பழகும் தம்பியைச் சாயங்காலம் நடக்கவைக்க அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

குறுக்கே வந்தது ஒரு தாள். பதவி உயர்வு கேட்பவர்கள் தங்கள் வாழ்க்கைக் குறிக்கோளை எழுதித் தர வேண்டும். மருத்துவமனையின் உளவியலாளர் அதற்கு மதிப்பெண் போடுவார். குறிக்கோள், பண்பாடு, மனநலம் என்று மூன்று சொல்லைச் சேர்த்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஆளைக் கூப்பிட்டுப் பேசினால் நேரம் வீண் என்பது அவர் கொள்கை. மனசைப் படித்த மகானுக்கு மனுஷர் முகம் மட்டும் ஆகாது.

'என் தம்பி நடக்க வேண்டும். நான் பிடிக்காமலே அவன் என்னோடு கடைத்தெரு வரை வர வேண்டும்' என்று அவள் எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு, 'சொந்தக் குறிக்கோள் இல்லை. தலைமைப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்' என்று அவர் எழுதி முடித்தபோது மேஜையிலிருந்த டீ கூட ஆறவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், எனக்குக் குறிக்கோளே இல்லன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"நீங்க எழுதினது உங்க தம்பியோட குறிக்கோள்மா. குடும்பம் உங்க தலையில கட்டினது. நம்ம பண்பாட்டுல பொம்பளைங்களுக்கு இதான் பிரச்சினை." பரிதாபப்படுவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

"குடும்பமா? அவனைக் காப்பகத்துல விட்டுடுன்னு அண்ணன், மாமா எல்லாரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. முடியாதுன்னு சண்டை போட்டு நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். நானா ஆசைப்பட்டது எப்படி சார் அடுத்தவங்க குறிக்கோளாகும்?"

"இந்தத் தேர்வை முப்பது நாட்டுல சோதிச்சிருக்காங்கம்மா."

"சரி. அங்கயாவது ஆளைக் கூப்பிட்டு, ஏன் இப்படி எழுதினீங்கன்னு கேட்டாங்களா?"

கேட்டிருந்தார்கள். எழுதியவரிடம் காரணம் கேட்ட பிறகே மதிப்பெண் போட வேண்டும் என்று அந்தத் தேர்வோடு வந்த கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆறு வருஷமாக அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுத்தான் இந்த மேதை மற்றவர்களின் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, முகம் சுண்டிப்போய் அவர் பூஜ்யத்தைக் கோடு போட்டு அடித்தார். "தப்பு என்னோடதுதாம்மா. உங்க அறிக்கையை இன்னிக்கே மாத்தி அனுப்பிடறேன்."

அவள் நன்றி சொல்லவில்லை.

"என்னோடத மட்டும் மாத்தினா போதாது சார். பூஜ்யம் வாங்கிட்டுப் பேசாம போனவங்க எத்தனை பேரோ, அவங்க தாளையும் எடுங்க. ஒருத்தர் யாருக்காக வாழறாங்கன்னு பாத்து அவங்களுக்குன்னு ஒண்ணுமில்லன்னு முடிவு கட்டாதீங்க. அந்த வாழ்க்கைய அவங்களா தேர்ந்தெடுத்தாங்களான்னு முதல்ல கேளுங்க."