சாப்பாட்டுக்குப் பயந்தவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவள் நான்தான்.

என் தம்பிக்கு நாட்பட்ட கணைய அழற்சி என்று தெரிந்த மாதம், ஒரு பத்திரிகைக்கு நான் கதை தர வேண்டியிருந்தது. கைவசம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

“குடித்துக் குடித்தே அவன் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டான். முப்பத்து நான்கு வயதில்...”

அங்கேயே நிறுத்திவிட்டேன். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனால் குடிகாரன் என்று எழுதினால் கதை தானாக ஓடும். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். குடிக்காதவனுக்கு ஏன் வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. (மருத்துவரிடமும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

இரண்டாவது தொடக்கம்:

“கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கும் ஒரு...”

பாடப்புத்தகம். இதையும் அடித்தேன். தம்பி சொன்னதுபோலவே தொடங்கியிருக்கலாம்.

முதல் வலி அவனுக்கு முப்பத்தொன்றாம் வயதில் வந்தது, மதியச் சாப்பாடு முடிந்த அரை மணியில். மேல்வயிற்றில் பிடித்து முதுகைத் துளைத்துக்கொண்டு போனதாம். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். குனிந்தால்தான் கொஞ்சம் அடங்கியது. “கேஸா இருக்கும்” என்றார் கூட வேலை செய்தவர். மூன்று வருடம் அது கேஸாகவே இருந்தது.

சாப்பிட்டால் வலித்தது. ஆகவே சாப்பாட்டைக் குறைத்தான். அவன் மனைவி தையல்காரி. அவனுடைய கால்சட்டையை நான்கு முறை இடுப்பில் பிடித்துத் தைத்தாள்.

“இனிமே பிடிக்கத் துணி இல்ல அண்ணி. பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது.”

சிரித்துக்கொண்டே சொன்னவள், குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு. பாத்ரூம்ல எண்ணெய் மாதிரி மிதக்குது. ரெண்டு வாட்டி தண்ணி ஊத்தினாலும் போகல. கேட்டா வெக்கப்படுறார்.”

மறுநாள் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம்.

[குறிப்பு: கணையம் செரிமான நீர் சுரக்கும் உறுப்பு. அந்த நீர் குடலுக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சிலருக்கு உள்ளேயே தொடங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் புண்ணாகி, ஆறி, தழும்பேறிக் கணையம் இறுகிப்போகிறது. நீர் வரும் குழாயில் கல் சேர்கிறது. நீர் வராததால் உணவிலுள்ள கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. மிதந்தது அதுதான். இந்தக் குறிப்பை வெட்டலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தம்பிதான், “இருக்கட்டும் அக்கா, யாருக்காவது உதவும்” என்றான்.]

3

ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி:

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“குடிக்க மாட்டேன் சார்.”

“பரவாயில்ல. என்கிட்ட உண்மையைச் சொல்லலாம்.”

தம்பி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தான். நான்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.)

நான் ஸ்கேனைப் பார்த்தேன். கணையக் குழாய் நெடுக வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் தூங்கியபோது, அவனுடைய வேலைப் பையைத் திறந்து தேடினேன். பாட்டில் இல்லை. ஸ்பானர்கள், கிரீஸ் துணி, அடியில் வலி மாத்திரையின் காலி அட்டைகள். எண்ணவில்லை, ஒரு கை நிறைய இருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. ‘அப்பாடா’வா என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

4

பரிசோதனை எல்லாம் முடிந்து மருத்துவரே சொன்னார்: “குடி காரணம் இல்ல. பிறவியிலேயே மரபணுவில் ஏதாவது இருக்கலாம். உறுதியா சொல்ல முடியல. அன்னிக்கு அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க.” தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

அன்று மாலை அவனிடம் பையைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும்” என்றான். “பதினேழாம் நம்பர் ஸ்பானரைப் பத்தொன்பதுக்கு அப்புறம் வெச்சிருந்தே.”

“ஏன்டா கேக்கல?”

“நீ எதுவும் கிடைக்காம ஏமாந்து போயிருப்பே. அதுக்கு மேல நான் வேற கேக்கணுமா?”

நான் அழுதேன். “சரி சரி, கதையில இதை எழுதிடாதே” என்றான். எழுதிவிட்டேன்.

5

அதன்பின் நடந்தவை: சர்க்கரை நோயும் வந்தது. கணையம் கெட்டு வரும் சர்க்கரை திடுதிப்பென்று இறங்கவும் செய்யும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைக் கட்டி. சாப்பாட்டோடு செரிமான மாத்திரை. அப்படியும் வலி விடவில்லை. கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு இணைத்துத் தைத்தார்கள். “யார் தைச்சாங்களோ, தையல் நேரா இருக்கு” என்று வயிற்றைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தாள் தம்பி மனைவி.

எட்டு மாதமாக வலி இல்லை.

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) வலி திரும்பவே இல்லை. தம்பி நரைத்து, தொப்பை போட்டு...

(ஆ) ஒரு மதியம், அரை மணியில்...

இரண்டையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். மருத்துவர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். தம்பி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முதல் வாய்க்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டான். பாதியில் இன்னொன்று. மனைவி குழம்பு ஊற்ற, போதும் என்று கை காட்டவில்லை.

“கதையில நான் இப்போ என்ன பண்ணிட்டிருக்கேன்?”

“சாப்பிட்டுட்டு இருக்கே.”

“அப்போ அதோட விடு அக்கா. சாப்பிடுறவனைப் பாதியில எழுப்பக் கூடாது.”

விட்டுவிட்டேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் கொஞ்சம் உட்காருங்கள். அவன் இன்னும் கை கழுவவில்லை.