டாக்டர் பார்க்கும் முகம்

எங்கள் சுகாதார நிலையத்தின் கூரையில் சாட்டிலைட் டிஷ் ஏறி இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, நகரத்து டாக்டர் திரையில் வருவார். அந்த ஒரு மணி நேரத்துக்கு வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். எட்டிப் பார்க்கக்கூட டாக்டர் வராத இடத்தில் அது பெரிய விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆரம்பத்தில் வந்த ஒரு டாக்டர், மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "இவங்க குளிக்கவே மாட்டாங்க போல" என்று சொல்லிச் சிரித்தார். கல்குவாரியிலிருந்து தூசியோடு நேராக வந்தவர் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஓர் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன்: முகம் கழுவி, தலை வாரி வரவும். என் ஆட்களை எவனும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜனங்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். இருமி இருமிச் சாகிற கிழவர்கூட மீசையை முறுக்கிவிட்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லாரிக்காரரின் மனைவியைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு மாதம். புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாத்தனார் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

"நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது சிஸ்டர். தலை சுத்துதுங்கிறா."

சிட்டுவின் முகத்தில் பவுடர், உதட்டில் சாயம்.

"யாருடி இந்த மேக்கப்பு?" என்றேன்.

"நான்தான். டாக்டர் முன்னாடி உக்காரப் போறால்ல?" என்றாள் நாத்தனார்.

"பாத்து, சினிமாவுக்குக் கூப்பிட்டுறப் போறாரு."

மூவரும் சிரித்தோம். சிட்டு பாதிச் சிரிப்பிலேயே மூச்சுக்கு நின்றாள்.

ரத்தம் சோதிக்கும் கிட் தீர்ந்து போய், எழுதிப் போட்டும் வரவில்லை. டாக்டர் திரையில் பார்த்து 'அனுப்புங்க' என்றால்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வரும். அவர் கண்ணில் படுவதுதான் கணக்கு.

"கண் இமையை இழுத்துக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

கட்டை விரலால் சிட்டுவின் கீழிமையை இழுத்தேன். அதே நேரம் திரையில் டாக்டரின் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. திரையின் மூலையில் சிக்னல் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே, "தெரியுதா டாக்டர்?" என்றேன்.

"சரியாத் தெரியல. உதடு நல்லாத்தான் இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை குடுங்க, ரெஸ்ட் எடுக்கட்டும். அடுத்து யாரு?"

நான்காம் நாள் சிட்டுவுக்கு அகாலத்தில் வலி கண்டது. பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினோம். ரத்தம் நிற்கவில்லை. பாதி வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. "உடம்புல ரத்தமே இல்லாம இருந்திருக்கு, யாரும் பாக்கலையா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் வேன் கதவைச் சாத்தப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து லாரிக்காரர் வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை.

"டாக்டர்கிட்ட காட்டினது பதிவாகி இருக்கும்னு தங்கச்சி சொன்னா. கடைசியா அவ எப்படி இருந்தான்னு பாக்கணும் சிஸ்டர்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டரில் தேடிப் போட்டேன். நகரத்துக்குப் போகும் வழியில்தான் படம் உடைந்திருந்தது. இங்கே பதிவானது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. இழுத்த இமையின் உட்புறம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. என் விரல் அங்கே இருந்தது. என் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஒரு சாண் தூரம். குனிந்து பார்த்து டாக்டரிடம் சொல்லியிருந்தால் போதும், பிழைத்திருப்பாள்.

லாரிக்காரர் இமையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கா" என்றார். "நான்தான் பக்கத்துல இல்ல. நீங்களாவது இருந்தீங்களே. அது போதும் சிஸ்டர்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வெட்கமில்லாமல் தலையை ஆட்டினேன்.

"இன்னொரு தடவை போடுறீங்களா?" என்றார்.

போட்டேன்.