வாமன் கத்தியின் கழுத்து

என் மனைவி தவநாயகி எந்தக் கத்தியையும் ஒருவர் கையிலிருந்து வாங்க மாட்டாள். மேசையில் வைக்கச் சொல்லி, வைத்தவர் கையை எடுத்த பிறகுதான் தொடுவாள். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரில், கத்தி தீட்டும் பட்டறை ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தபோது, கூட வேலை செய்த வெள்ளைக்காரரையும் மேசையில் வைக்கப் பழக்கிவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவள். அந்த முயலுக்கு நாலாவது கால் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்து, நான் ஓய்ந்துபோய் வெகுகாலம்.

ஆகவே அவளுடைய தம்பி வாமதேவன், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கராஜுக்குள் ஒரு பெட்டியோடு வந்து, "அக்கா, இந்தா பிடி" என்று ஒரு புதுக் கத்தியை நீட்டியபோது, இன்றைக்கு நல்ல தொடக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேசையிலை வை," என்றாள்.

"இன்னும் உந்தப் பழைய கதையோ?"

"வை எண்டால் வை."

வைத்தான். ராணுவத்தில் காடு மலை ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் ரகம். கறுப்புப் பூச்சு, தடித்த முதுகு, கையில் வழுக்காத ரப்பர் பிடி. அலகில் ஆங்கிலத்தில் 'வாமன்' என்று பொறித்திருந்தது. தன் பெயரைத்தான் சுருக்கியிருந்தான். மூன்றடியால் உலகத்தை அளந்தவன் வாமனன் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னான். கத்தி ஏழு அங்குலம்தான், ஆனால் உலகத்தை அளக்கும் ஆசையில் ஒரு குறையும் இல்லை.

மோர்டனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பலசரக்குக் கடையை விற்றுவிட்டு இந்தக் கத்தி வியாபாரத்தில் இறங்கியிருந்தான். எங்கோ ஒரு பட்டறையில் செய்வித்து, முதல் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. ஸ்கொட்லாந்தில் குளிர்காலக் காட்டில் உயிர் தப்பி வாழப் பழக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி, கத்தி நல்லதென்றால் வாங்குவதாகச் சொல்லியிருந்தது. நல்லதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் தவநாயகி. ஹரோ பக்கத்து இறைச்சிக் கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் கத்தி தீட்டிக் கொடுப்பது அவளுடைய அன்றாட வேலை. அதோடு, அந்தப் பள்ளிக்கு வரும் புதுக் கத்திகளையும் அவள்தான் சோதித்துக் கொடுப்பாள். இது என் தம்பியின் கத்தி என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "அப்படியென்றால் நீங்கள் இன்னும் கடுமையாகத்தான் பார்ப்பீர்கள்" என்று சொல்லிப் பொறுப்பாளர் சிரித்தாராம். அந்த மனிதருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருந்தது. வாமதேவனின் மகன் ஜதுசன் அதே பள்ளியில் பயிற்றுநர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பெட்டி வந்த அன்றே முதல் கத்தியை எடுத்து, அப்பாவின் பெயர் தெரியப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ஸ்கொட்லாந்துக்குக் கொண்டு போயிருந்தான்.

தவநாயகி முதலில் அலகின் ஒரு பக்கத்துக் கறுப்புப் பூச்சை முழுக்க உரித்தாள். வாமதேவன் தன் தோலை உரித்ததுபோல முகத்தைச் சுளித்தான்.

"உடுப்பைக் கழட்டாமல் டொக்டர் பாப்பாரோ?" என்றாள்.

பிறகு தீட்டினாள். முரட்டுக் கல், நடுத்தரக் கல், மெல்லிய கல், கடைசியில் தோல்வார். தீட்டும்போது அவளோடு கதைக்க முடியாது. கல்லில் கத்தி போகும் சத்தத்தைக் கேட்டே கோணம் சரியா பிழையா என்று அவளுக்குத் தெரியும். தீட்டி முடித்ததும் பேப்பரை வெட்டினாள், கயிற்றை வெட்டினாள். ஒரு விறகுக் கட்டையில் கத்தியை வைத்து, முதுகில் கட்டையால் அடித்து விறகைப் பிளந்தாள். திரும்பவும் பேப்பரை வெட்டினாள். பேப்பர் முனகாமல் பிரிந்தது.

"கூர் நிக்குது," என்றாள். "நல்ல இரும்பு."

வாமதேவன் என்னைக் கட்டிப் பிடித்தான். "அத்தான், கேட்டனீங்களோ? அக்காவின்ரை வாயாலை!"

"பொறு. இன்னும் வளைச்சுப் பாக்கேல்லை. வைஸ் இடுக்கியிலை பூட்டி இழுக்கவேணும்."

"இழுத்தால் கத்தி பழுதாப் போகுமே, அக்கா. நாளைக்குச் சரஸ்வதி பூசை. இந்தக் கத்தியைத்தான் பூசையிலை வைக்கவேணும், வீடியோ எடுக்கவேணும். பூசை முடிய நீ என்னவும் செய்."

அவள் அரை மனதோடு சம்மதித்தாள். பூசை என்றால் அவளுக்கும் ஒரு பயம்.

மறுநாள் கராஜைக் கழுவி, தீட்டும் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, கற்களையும் கத்திகளையும் வாழையிலையில் அடுக்கினோம். அவலும் கடலையும் படைத்தோம். தேசிக்காய் வெட்டும் நேரம் வந்ததும் வாமதேவன் பாய்ந்து வந்தான்.

"என்ரை கத்தியாலைதான் வெட்டவேணும்!"

வெட்டினாள். எலுமிச்சைப் புளி அலகு வழியே ஓடிப் பிடிவரைக்கும் இறங்கியது. அவளுடைய கை தானாகவே துணியைத் தேடிற்று. புளிபட்ட கத்தியைத் துடைக்காமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் வாமதேவன் அதற்குள் கத்தியை எடுத்து, குங்குமம் வைத்து, பிடி கீழே சரிந்திருக்கத் தட்டத்தில் வைத்துவிட்டான்.

"துடைக்க விடு."

"பூசையிலை வைச்சதை விடியுமட்டும் தொடக்கூடாது. வருசா வருசம் நீதானே எல்லாருக்கும் சொல்லுறனீ?"

தன் சட்டத்திலேயே அவள் மாட்டிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். மனுசியை வாயடைக்க வைத்த ஒரு ஆளையாவது கண்டேனே!

விஜயதசமிக் காலை வாமதேவன் வேட்டி கட்டி, வீடியோ எடுக்கப் போனும் கையுமாக வந்தான். தவநாயகி தட்டத்தைக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். துடைத்தாள். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு திரும்பவும் துடைத்தாள்.

பூச்சு உரித்த பக்கம் புளி தின்று சாம்பல் நிறமாக மாறியிருந்தது. அது ஒன்றும் புதினமில்லை. ஆனால் பிடிக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு, ஒரு பட்டி வேறு நிறமாக நின்றது. கோடு கீறியதுபோல எல்லை தெரிந்தது. தவநாயகி அதில் கல்லைப் போட்டுத் தேய்த்தாள். திரும்பவும் தேசிக்காய்ப் பாதியால் தடவிக் காத்திருந்தாள். அதே இடத்தில் அதே பட்டி திரும்ப வந்தது.

"என்னக்கா?"

"கழுத்துக்குப் பதம் ஏறேல்லை." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இரும்பைக் காய்ச்சித் தோய்ச்சால் கடினமாகும். பிறகு மெல்லிய சூடு காட்டிப் பதமாக்கவேணும், இல்லாட்டிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இந்த இடத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேரேல்லை. ஒரு பக்கம் வேகாத பிட்டு மாதிரிக் கிடக்குது."

"அது தேசிக்காய்க் கறை."

"கறை எண்டால் நல்லது. வளைச்சுப் பாப்பம்."

"இண்டைக்கோ? விஜயதசமியண்டு, பூசையிலை வைச்ச கத்தியை உடைக்கிறதோ? அபசகுனம், அக்கா!"

"காட்டுக்குள்ளை ஒருத்தன்ரை கையிலை உடைஞ்சால் அது என்ன சகுனம்?"

நான் குறுக்கே விழுந்து, "நாளைக்குச் செய்தால் என்ன?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் தேத்தண்ணி போடப் போகலாம் என்று புரிந்தது. ஆனாலும் போகவில்லை. இப்படியொரு சண்டையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

வாமதேவன் கெஞ்சத் தொடங்கினான். "கூர் நல்லது எண்டு நீதானே சொன்னனீ. இந்தப் பெட்டிக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லு. அடுத்ததை வேறை பட்டறையிலை செய்விக்கிறன். கடையும் இல்லை, அக்கா. இது போனால் நான் என்ன செய்யிறது?"

அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே. நாங்கள் லண்டனுக்கு வந்திறங்கியபோது தன் வீட்டின் பெரிய அறையை எங்களுக்குத் தந்து, தான் கூடத்தில் படுத்தவன் அவன். அதை அவள் மறக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், துடைத்த கையோடு தோல் கையுறையைப் போட்டாள்.

"ஓம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது," என்றாள்.

"அப்ப நீ எனக்கு அக்காவும் இல்லை."

"சரி. கண்ணாடியைப் போடு. தெறிக்கும்."

அலகை வைஸில் பூட்டி இறுக்கினாள். பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகினாள். நல்ல கத்தி வில்லுப்போல வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். எவ்வளவுக்கு வளைய வேண்டும் என்று சுவரில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். காலை ஊன்றி இழுத்தாள். குழாய் கோட்டுக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. 'டக்' என்றது. பிடி அவள் கையோடு வந்துவிட்டது, அலகு வைஸிலேயே நின்றது. வளைந்த அடையாளமே இல்லாமல் வெங்காயம் வெட்டியதுபோல நேராக உடைந்திருந்தது. அந்தப் பட்டி நின்ற இடத்தில்தான்.

வாமதேவன் போனை வேட்டி மடிப்பில் செருகினான். "ஒண்டு உடைஞ்சால் எல்லாம் உடையுமோ?" என்றான்.

அவள் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பூட்டினாள். குழாயைச் செருகிவிட்டு விலகி நின்றாள்.

"நீயே இழு."

அவன் குழாயைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். நாங்கள் மூன்று பேரும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவன்தான் என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், ஜதுசன் கொண்டு போனதும் இந்தப் பெட்டியிலை இருந்துதானே?"

"ஓம்," என்றேன்.

குழாயை விட்டுவிட்டுப் போனை எடுத்தான். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது. வெகுநேரம் மணியடித்தது.

"ஹலோ அப்பா! பூசை முடிஞ்சுதா? மாமி வீட்டிலையோ?"

"தம்பி, அந்தக் கத்தியைத் தொடாதை. இனி அதாலை ஒண்டும் வெட்டாதை. பையுக்குள்ளை வை."

அந்தப் பக்கம் அவன் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா... அது போன கிழமையே உடைஞ்சிட்டுது," என்றான்.

"என்னடா சொல்லுறாய்?"

"விறகு பிளக்கேக்கை. பிடி கையிலை, மிச்சம் பறந்து வந்து தொடையிலை பட்டுட்டுது. கொஞ்சம் ஸ்டிச் போட்டவை. நான் ஓகே, சீரியஸ்லி."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அப்செட் ஆவீங்கள். இன்ஸ்ட்ரக்டர் கேட்டவர், கத்தி பிழையோ எண்டு. நான் சொன்னன், இல்லை, நான்தான் கல்லிலை அடிச்சிட்டன், என்ரை மிஸ்டேக் எண்டு. அதிலை உங்கடை பேரெல்லோ இருக்கு."

தவநாயகி தீட்டுக்கல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். நான் அவளுடைய முதுகைத் தடவினேன். தொடையில் பட்டது கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

வாமதேவன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனான். பேசியபோது அவன் குரல் சீராக இருந்தது.

"இப்பவே அவரிட்டைப் போ. பிழை உன்ரை இல்லை, கத்தியின்ரை எண்டு சொல்லு. அப்பாதான் சொல்லச் சொன்னவர் எண்டும் சொல்லு. நானும் பின்னேரம் அவருக்குப் போன் அடிச்சுக் கதைக்கிறன்."

"அப்பா, ஆனால்..."

"போய்ச் சொல்லு, ராசா."

போனை வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். கையுறை போட்டு, குழாயைப் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தான். 'டக்.' அலகைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் பூட்டினான். அதுவும் உடைந்தது. ஒன்று மட்டும் உடையாமல் சோக்குக் கோடுவரை வளைந்து, அழகாகத் திரும்பி வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உதொண்டு நல்லது," என்றாள் தவநாயகி மெதுவாக.

"எது நல்லது எண்டு வெளியிலை பாத்தால் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப உதுவும் வேண்டாம்." அவன் திரும்பவும் குழாயைப் பிடித்து, கோட்டையும் தாண்டி, உடையுமட்டும் இழுத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் ஏன் உடைக்கிறாய்? திருப்பி அனுப்பலாமே," என்றேன்.

"முழுசாய் இருந்தால் எனக்கு ஆசை வரும், அத்தான்," என்றான். "ஆரும் வந்து மலிவாய்த் தா எண்டு கேட்டால் நான் குடுத்துப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்."

தவநாயகி பெட்டியைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். இவள் பூட்ட, அவன் இழுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியபோது இவள் இழுத்தாள். நான் ஒருவழியாகப் போய்த் தேத்தண்ணி போட்டு வந்தேன். அது ஆறி ஆடை படிந்தது. பெட்டி காலியானபோது வேட்டியெல்லாம் வேர்வையும் எண்ணெயுமாக இருந்தது. வாமதேவன் கடைசிக் கத்தியின் அலகை வைஸிலிருந்து கழற்றினான். அவன் பெயர் பொறித்த பக்கம் மேலே தெரிந்தது.

அதை வழக்கம்போல மேசையில் வைக்கப் போனான். தவநாயகி கையை நீட்டினாள்.

"கையிலை தா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சண்டை வருமெண்டு சொல்லுவாய்."

"வந்த சண்டை முடிஞ்சுது. தா."

அவன் கூர்ப்பக்கத்தைத் தன் கையுறைக்குள் பொத்திக்கொண்டு நீட்டினான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இன்றுவரை என் மனைவி ஒருவர் கையிலிருந்து கத்தி வாங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.